கங்கை முகத்துக் கோட்டைகள்

ஜேர்மனியின் ரைன் நதிப் பள்ளத்தாக்கைப் படங்களிலே பார்த்திருப்பீர்கள். பிங்கன் நகருக்கும் கோப்ளென்ஸ் நகருக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தூரத்துக்கு, குன்றுக்கொரு கோட்டையாக நாற்பது வரையிலான கோட்டைகள் ஆற்றின் இருமருங்கும் நிற்கின்றன. 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அப்பள்ளத்தாக்கை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. ஒரு காரில் ஏறி, ஒரே நாளில் பத்துக் கோட்டைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வீடு திரும்பக்கூடிய இடம் அது. அக்கோட்டைகளிற் பல, ஆற்றிலே போய்வந்த வணிகப் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்குவதற்கென எழுந்தவை. ஆறுதான் வருமானம், கோட்டை அதன் கல்லாப்பெட்டி.

நேயர்களே, நமது மகாவலி கங்கையும் சின்ன ஆறன்று. 335 கிலோமீற்றர் ஓடும் இந்நாட்டின் மிக நீண்ட நதி அது. மத்திய மலைநாட்டிலே பிறந்து, கண்டி நகரை வளைத்து, மகியங்கனைச் சமவெளியிலே இறங்கி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர்கூடச் சொல்வதில்லை. வெறுமனே 'கங்கை' என்போம். ஆனால் இந்தக் கங்கைக் கரையோரமாக வண்டியை ஓட்டிச் சென்று, 'இதோ ஒரு கோட்டை, அதோ ஒரு கோட்டை' என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. பேர்பெற்ற கற்கோட்டைகள் யாவும் கங்கையின் வாயிலே, திருகோணமலைத் துறையைச் சுற்றியே கிடக்கின்றன. அவை அனைத்தும் கடல் வழியாக வந்தவர்கள் கட்டியவை. அந்த வாயிலைத் தாண்டி உள்ளே போகப் போகக் கல்மதில் இல்லை. பலன போன்ற கணவாய்க் காவலிடங்களைத் தவிர, கண்டி மன்னர்கள் தங்கள் பெரிய ஆற்றை நம்பினார்களே ஒழிய, ஆற்றங்கரையிலே கோட்டைகளை அடுக்கவில்லை.

ஏன் கட்டவில்லை என்ற கேள்விக்கு, தமிழ் படித்தவர்கள் விடையை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. திருக்குறளிலே அரண் என்றோர் அதிகாரம் இருக்கிறது. மதிலின் உயரத்தையும் அகலத்தையும் வள்ளுவர் அங்கே பேசாமலில்லை. ஆனால் அரண் என்பது எது என்று வரையறுக்கும்போது அவர் எண்ணுவன நான்கு: தெளிந்த நீர், வெளியான நிலம், மலை, நிழல் செறிந்த காடு. உரைகாரர்கள் இவற்றை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்று பெயரிட்டு விளக்குவர். இந்த நான்கும் ஒருங்கே அமைந்த நாடு இலங்கையிலே இருந்தது. அதன் தலைநகர் செங்கடகல என்னும் கண்டி. அதன் அகழிதான் மகாவலி. ஊர் எல்லைகளிலே முட்கதவுகளை நிறுத்திக் காவலரை வைத்துவிட்டால், மற்றைய வேலையைக் காடும் மலைக்காய்ச்சலும் பார்த்துக்கொள்ளும்.

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் ஒரு வானிலே குடும்பமாகப் புறப்பட்டபோது இந்தச் சிந்தனை எனக்கு இருந்தது. வானை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. பத்தாந்தரத்தில் வரலாறு படிக்கும் மகள், ஆறாந்தரத்து மகன், என் மாமியார், மனைவி, நான். கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு நாற்பது கிலோமீற்றர் அளவே. வழியிலே தம்பலகாமத்துச் சந்தி வந்தது.

"கோட்டை பாக்கப் போறமெண்டு சொல்லாதேங்கோ தம்பி" என்றார் மாமி. "கோணேசரைப் பாக்கப் போறம். கோட்டை வழியில கிடக்குது."

இதை வேடிக்கைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. திருகோணமலைத் தமிழருக்குப் பிரட்ரிக் கோட்டை என்பது நானூறு ஆண்டுகளாக வழியிலே கிடக்கும் ஒரு பொருள்தான். சுவாமிமலை என்னும் அந்தக் கடல்முனையிலே கோணேசர் இருக்கிறார். முனையின் கழுத்தை அடைத்துக்கொண்டு கோட்டைவாசல் இருக்கிறது. வாசலைத் தாண்டாமல் சுவாமியைக் காண முடியாது. இன்றும் அதனுள்ளே இராணுவ முகாம் உண்டு. சோதனையிடத்தைக் கடந்து, மரநிழலிலே கூச்சமின்றிப் படுத்துக்கிடக்கும் புள்ளிமான்களையும் கடந்தே அடியார்கள் மேலேறுகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. 1620களின் முற்பகுதியிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அக்கோயிலை இடிப்பித்தான். இடித்த கல்லைக் கொண்டே 1624 அளவில் கோட்டை எழுந்தது. அதற்கு முன்னதாக 1620இல் டென்மார்க்குக்காரர் ஓவே யேட் என்பவரின் தலைமையில் இங்கு வந்து ஒரு கோட்டைக்கு அடியெடுத்துப் பார்த்து, சரிவராமற்போகவே சோழநாட்டுக் கரைக்குத் திரும்பினர். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியிலே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். தரங்கம்பாடிக்குப் போகும் நம்மவர்கள் அந்தக் கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். திருகோணமலையிலே அவர்களுக்குக் கால் ஊன்றக் கிடைத்திருந்தால், தமிழிலே முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு தரங்கம்பாடிக்குப் பதில் எங்கே அச்சேறியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. அது வேறு கதை.

கோட்டை வாயிலின் நிலைக்கல்லிலே இரண்டு கயல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாண்டியரின் இலச்சினை அது. அதனருகே சிதைந்த தமிழ் எழுத்துகளும் உண்டு. முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிலே பறங்கியர் அழிப்பார்கள் என்று தீர்க்கதரிசனம் கூறும் செய்யுளின் துண்டு அது என்று வழிவழியாக வாசித்து வந்திருக்கிறார்கள். கோட்டையிலே கிடைத்த இன்னொரு கல்லில் கிரந்த எழுத்திலே வடமொழிச் சாசனம் உள்ளது. சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கன் என்பான் கோகர்ணத்துக்கு வந்த செய்தியை அது சொல்கிறது. குளக்கோட்டன் என்ற பெயருக்குள் மறைந்திருப்பவன் இந்தச் சோடகங்கனே என ஆய்வாளர் சிலர் கருதுவர். ஐதிகத்திலே கந்தளாய்க் குளத்தைக் கட்டியவனும் குளக்கோட்டன்தான். வரலாற்று நூல்கள் அக்குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னனோடு இணைக்கின்றன. கந்தளாயிலே குடியிருப்பவன் என்ற முறையில் நான் இரண்டு பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாசலிலே மகள் நின்று கயல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, கோயில் கல்லெண்டா ஏன் இஞ்ச விட்டு வச்சிருக்கினம்? திருப்பிக் கொண்டுபோய்க் கோயிலில வைக்கக்கூடாதா?"

வகுப்பறையிலே கேட்டிருந்தால் விடை சுலபமாக வந்திருக்கும். அந்த இடத்திலே, பின்னால் அடியார்கள் வரிசையில் நிற்க, காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, உடனே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. நடந்துகொண்டே சொன்னேன். இடித்தவர்கள் கல்லைப் பாதுகாக்க நினைத்து இங்கே வைக்கவில்லை. சுண்ணாம்பும் கல்லும் மலிவாகக் கிடைத்தன, வைத்துக் கட்டினார்கள். ஆனாலும் கோட்டைச் சுவர் ஆனபடியால்தான் அந்தக் கயல்கள் இன்றைக்கு உன் கண்ணுக்குக் கிடைத்தன. கல்லைப் பிடுங்கிக் கோயிலிலே வைத்தால் கோயிலுக்கு ஒரு கல் கூடும். இடிக்கப்பட்டதற்குச் சாட்சி ஒன்று குறைந்துவிடும். என் கருத்து இது. மாமியின் கருத்து வேறு. "சாட்சி வச்சு என்ன வழக்கா பேசப் போறியள்?" என்றார் அவர்.

மலையுச்சிக்கு அண்மையிலே தனித்து நிற்கும் ஒரு தூணைப்பற்றியும் சொல்லவேண்டும். 1687ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அந்தத் தூணிலே பிரான்சினா வன் றீட் என்ற ஒல்லாந்த மாதின் பெயர் உள்ளது. காதலன் கப்பலேறிப் போய்விட, அவள் இந்தப் பாறையிலிருந்து கடலிலே குதித்தாள் என்று ஆங்கிலேயர் காலத்திலே உருக்கமாகக் கதை கட்டினார்கள். ஆவணங்களைத் தேடியவர்களோ அவள் அதற்குப் பின்னரும் உயிரோடிருந்து மணம் முடித்ததைக் கண்டார்கள். அவள் குதிக்கவில்லை என்பது தெரிந்த பின்பும் கதை மட்டும் சுற்றுலாப் புத்தகங்களிலே குதித்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய பெயரைத் தாங்கும் அந்தத் தூண் யாருடையது என்பதை அந்தப் புத்தகங்களிற் பல சொல்வதில்லை. இடிபட்ட கோணேசர் ஆலயத்துத் தூண் அது.

கல் இப்படி வலியவர் கைக்குப் போயிற்று. தெய்வத் திருமேனிகள் அவர்கள் கைக்குப் போகவில்லை. கோயில் இடிபடுமுன் அடியார்கள் சிலவற்றை மண்ணுக்குள்ளே புதைத்தார்கள். சிலவற்றைக் காட்டுக்குள்ளே கொண்டு போனார்கள். புதைத்தவற்றிற் சில 1950இல் திருகோணமலை நகரிலே கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. 1963இலே புதுக்கோயிலின் குடமுழுக்கு நடந்தது. காட்டுக்குள் போனவை ஈற்றிலே தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் என்ற பெயரோடு அமர்ந்தன. தம்பலகாமம் அக்காலத்திலே கண்டி மன்னனின் செல்வாக்குக்கு உட்பட்ட பற்று. அவனது ஆதரவும் அக்கோயிலுக்குக் கிடைத்தது என்பது மரபு. கோட்டையிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்திற்குள் இருக்கும் இடத்திலே கோணநாயகருக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. பறங்கிப் படை அங்கே வந்து குந்தவில்லை. காடும் சேறும் அவர்களை விடவில்லை. கண்டி மன்னனைக் காத்த அதே அரண்தான் கோணநாயகரையும் காத்தது என்பது என் எண்ணம்.

மதில் இல்லாமற் காவல் செய்வது எங்கள் பக்கத்துக்குப் புதியதுமன்று. கந்தளாய்க்கு அண்மையிலுள்ள பாலமோட்டையிலே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கந்தளாய் அப்போது விசயராச சதுர்வேதிமங்கலம். அங்கிருந்த ஈசுவரத்துக்குத் தென்கயிலாசம் என்று பெயர். நங்கைசானி என்னும் பிராமணப் பெண், இறந்துபோன தன் கணவனின் பொருட்டு அக்கோயிலுக்கு அறக்கட்டளை செய்கிறாள். அந்த அறத்துக்குக் காவல் என்று கல்லிலே பேர் எழுதிக்கொண்டு நிற்பவர்கள் வேளைக்காரப் படையினர். சிங்கள மன்னனின் ஆட்சியாண்டு, தமிழ் மொழி, சிவன் கோயில், ஒரு கைம்பெண்ணின் நன்கொடை, படைவீரரின் சத்தியம். இத்தனையும் அந்த ஒரு கல்லிலே உள்ளன. எங்கள் ஊரிலே நெடுமதில் என்று சொல்லத்தக்கது குளக்கட்டு ஒன்றே. 1986 ஏப்பிரல் 20ஆம் திகதி அதிகாலை அது உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, மதில் இடிவது என்றால் என்ன என்பதை ஊர் தெரிந்துகொண்டது.

இனிக் கோட்டையின் மற்றக் கதைக்கு வருவோம். கொடிகள் மாறிய கதை அது, விரைவாகவே சொல்லிவிடலாம். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். மறு ஆண்டிலே கோட்டை கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனிடம் போய் இடிக்கப்பட்டது. 1665இல் ஒல்லாந்தர் திரும்பி வந்து மீண்டும் கட்டினார்கள். உள்துறைமுக வாயிலை நோக்கிய மலைமுதுகிலே ஒஸ்ரன்பேர்க் கோட்டையையும் எழுப்பினார்கள். 1782 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்தளபதி சுப்ரன் பறித்தார். சமாதான உடன்படிக்கையால் அது ஒல்லாந்தருக்கே திரும்பிற்று. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடியும் எடுத்தனர், இம்முறை விடவில்லை. 1803இலே அரசகுமாரர் ஒருவரின் பெயரைச் சூட்டிப் பிரட்ரிக் கோட்டை என்றார்கள். கடற்படைத் தளம் இலங்கைக்குக் கைமாறியது 1957இலேதான்.

ஒஸ்ரன்பேர்க் கடற்படைத் தளத்தினுள் இருப்பதால், வாசலிலே அடையாள அட்டைகளைக் காட்டி அனுமதி பெற்றே உள்ளே போனோம். ஹூட் கோபுரம் எனப்படும் இடத்திலே கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கரையோரப் பீரங்கிகளைக் கண்டதும் மகனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறையைத் தாக்கின. கடலிலிருந்து வருபவனையே மூன்று நூற்றாண்டுகளாக எதிர்பார்த்திருந்த கோட்டைக்கு ஆபத்து வானத்திலிருந்து வந்தது. அங்கிருந்து பார்த்தால் தெற்கே கொட்டியாரக் குடா விரிகிறது. மாரியிலே கங்கை கலக்கும் பக்கத்திலே நீர் செம்மண் நிறமாக இருக்கும். நாங்கள் போன நாளிலே நீலமாகத்தான் இருந்தது.

இலக்கிய அன்பர்களுக்கு ஒரு செய்தி. இந்நகரத்து ஆங்கிலேயர் மயானத்திலே சாள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்தளபதி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாப் போரின்போது ஐராவதி நதியிலே இறந்தவர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் உடன்பிறந்த தம்பி அவர்.

இத்தனை பேர் வந்தார்களே, ஒருவராவது கங்கை வழியே மேலே போகப் பார்க்கவில்லையா என்று மகள் கேட்டாள். பார்த்தார்கள். 1638 மார்ச் மாதத்தில் போர்த்துக்கேயத் தளபதி தியோகு த மெலோ, மேற்குப் பக்கமிருந்து படையெடுத்துக் கண்டியை அடைந்தான். நகரம் வெறுமையாகக் கிடந்தது. கொளுத்திவிட்டுத் திரும்பியபோது மகாவலிக் கரையிலே கன்னொறுவ என்ற இடத்திலே அவனும் அவனுடைய படையும் முடிந்தனர். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1672இலே பிரெஞ்சுத் தளபதி த லா ஏ கொட்டியாரக் குடாவுக்கு வந்து, லனரோல் என்ற தூதரைக் கண்டிக்கு அனுப்பினார். தூதர் திரும்பவேயில்லை, இராசசிங்கன் அவரை வைத்துக்கொண்டான். லனரோல் என்ற குடும்பப்பெயர் இன்றும் தென்னிலங்கையிலே உண்டு.

எல்லாவற்றிலும் கொடியது 1803இல் நடந்தது. திருகோணமலையிலிருந்து ஒரு படை, கொழும்பிலிருந்து ஒரு படை என ஆங்கிலேயர் இருமுனையாகச் சென்று கண்டியைப் பிடித்தனர். அப்போதும் நகரம் வெறுமைதான். முத்துசாமி என்னும் நாயக்கர் குலத்தவனை அரசனாக்கிவிட்டு ஒரு காவற்படையையும் வைத்தார்கள். காய்ச்சல் அந்தப் படையைத் தின்றது. யூன் மாதத்திலே மேஜர் டேவி சரணடைந்து, எஞ்சியவர்களோடு திருகோணமலைக் கோட்டையை நோக்கிப் புறப்பட்டார். கண்டியைத் தாண்டுமுன்பே வட்டப்புளுவ என்ற துறையிலே மகாவலி குறுக்கிட்டது. ஆறு பெருகி ஓடியது. தோணி இல்லை. தெப்பம் கட்ட முயன்றும் அக்கரை சேர முடியவில்லை. முத்துசாமியைக் கையளிக்க நேர்ந்தது, அவன் கொல்லப்பட்டான். அடுத்து வெள்ளைச் சிப்பாய்கள் கரையிலேயே வெட்டுண்டனர். டேவி கைதியாகவே கண்டியிலே மாண்டார். திருகோணமலையிலே பீரங்கியும் மதிலும் நல்ல நிலையிலே இருந்தன. இவர்களுக்கு வேண்டியிருந்தவை நாலைந்து தோணிகள்.

புறப்பொருள் இலக்கணத்திலே மதிலை முற்றுகிறவன் உழிஞை சூடுவான், காக்கிறவன் நொச்சி சூடுவான் என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். மதிலே இல்லாத போரில் யார் எதைச் சூடுவது என்பதற்கு இலக்கணத்திலே இடமில்லை.

பிற்பகலிலே சீனன்குடாப் பக்கமாகத் திரும்பிக் கிண்ணியாப் பாலத்தை அடைந்தோம். 396 மீற்றர் நீளமான அப்பாலம் 2009 ஒக்டோபரிலே திறக்கப்பட்டது. அதன்பின் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வரிசையாகப் பாலங்கள் வந்தன. முன்பெல்லாம் ஒவ்வொரு துறையிலும் பாதைக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்திலே 'பாதை' என்பார்கள். பாலத்திலே போய்ப் பழகிவிட்ட என் மகனுக்கு, பாதை மிதக்கும் என்பதை விளங்கப்படுத்தவே நேரம் எடுத்தது.

மூதூரிலே வெள்ளைக்காரன் மரம் என்று ஓரிடம் உண்டு. கோட்டை பார்க்க வந்த பயணத்திலே மரம் எதற்கு என்று மச்சானே கேட்டான். 1659இலே புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பமிடுவதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்தலைவரையும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும், வேறு பலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோயினர். தலைவர் புளியமரத்தடியிலே இருந்தபோது பிடிபட்டார் என்பது கதை. தகப்பன் மறு ஆண்டிலே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் அங்கே தொப்பி பின்னியும், கடன்நெல் கொடுத்து வாங்கியும், ஊர் ஊராகச் சரக்கு விற்றும் வாழ்ந்தார். 1679இலே இன்னொருவரோடு ஆற்றுப் படுகை வழியே வடக்கு நோக்கி நடந்து, மன்னார்ப் பக்கத்திலே அரிப்பு என்ற ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681இலே அவர் வெளியிட்ட இலங்கை வரலாறு, பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி நாட்டு மக்களின் வாழ்வை அறிய இன்றைக்கும் கையிலெடுக்கும் நூல். டானியல் டீபோ தம்முடைய 'கப்டன் சிங்கிள்டன்' கதையிலே நொக்ஸின் அனுபவத்தை அப்படியே சுருக்கிச் சேர்த்திருக்கிறார்.

பத்தொன்பது ஆண்டுகளும் நொக்ஸைப் பூட்டி வைக்க ஒரு சிறைக்கூடம் இருக்கவில்லை. கிராமங்களிலே விட்டிருந்தார்கள். அங்கே நடமாடலாம், வெளியேறத்தான் முடியாது. கண்டி நாடு இயற்கையாலேயே அரண் செய்யப்பட்டது என்று அவரே எழுதினார். அதற்குள் அகப்பட்டுக் கிடந்தவருடைய வாக்குமூலம் என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். மேலே வட்டப்புளுவவிலும் டேவி மரம் என்று பெயர்பெற்ற ஓரிடம் இருக்கிறது. ரைன் நதியிலே கோட்டைகள் என்றால், மகாவலியிலே முகத்துவாரத்தில் ஒரு மரம், தலைநகரடியில் ஒரு மரம்.

மூதூரிலிருந்து கிளிவெட்டி நோக்கிப் போனால் கங்குவேலி வரும். கோட்டைக்குள்ளே இருந்த ஒல்லாந்தரில் எனக்கு மரியாதைக்குரியவர் ஒருவர் அவ்வூரோடு தொடர்புடையவர். வன் சென்டன் என்ற திருகோணமலைத் தளபதி, 1786இலே தம்பலகாமப்பற்றையும் கொட்டியாரப்பற்றையும் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். குளங்களைப் பார்த்தார், வயல்களைப் பார்த்தார், குடிகளை விசாரித்தார். கங்குவேலியிலே கோணநாயகருக்கு வன்னியனார் நிலம் வழங்கிய தமிழ்க் கல்வெட்டைக் கண்டு குறிப்பெடுத்தார். கோயிற் கல்லைச் சுவரிலே பதித்துவைத்த ஒரு கோட்டையிலிருந்து புறப்பட்டு வந்து, அதே கோயிலின் பெயர் பொறித்த கல்லை வாசிக்க முயன்றிருக்கிறார். ஒன்பது ஆண்டுகளின் பின்னர் கோட்டை அவர்களுடையதாய் இருக்கவில்லை. நாட்குறிப்பு மாத்திரம் நமக்குப் பயன்படுகிறது.

ஆற்றரண் எப்போது உடைந்தது? 1815இலே கண்டி பறிபோனது பீரங்கியால் அன்று. மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையிலே மூண்ட பகையைக் கொண்டே ஆங்கிலேயர் உள்ளே போனார்கள். ஆனால் போன பிறகு அதை என்றைக்கும் அரணாக எழாதபடி செய்தவை தெருக்களும் பாலங்களுமே. மலையைத் துளைத்து வழி செய்பவனுக்கே கண்டி அடங்கும் என்று மலைநாட்டிலே ஒரு நம்பிக்கை இருந்ததாகச் சொல்வார்கள். கடுகண்ணாவையிலே பாறையைக் குடைந்து கொழும்புத் தெருவை விட்டார்கள். 1833இலே பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே, முதிரை மரத்தால் ஒரே வளைவாக ஒரு பாலத்தைக் கட்டி முடித்தார்கள். டேவியின் ஆட்கள் தெப்பம் கட்டத் தவித்து முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கங்கைப் பாலத்தின் நடுவிலே மச்சான் வானை மெதுவாக்கினான். கீழே கங்கை பரந்து, மண்நிறமாக, ஓசையின்றிப் போய்க்கொண்டிருந்தது. இதிலேறிப் போனால் கண்டி வருமா என்று மகன் கேட்டான். வரும், ஆனால் எதிர்நீச்சல் என்றாள் தமக்கை. மாமி வெருகலம்பதித் திருவிழாவுக்குத் தாம் சிறுமியாகப் போன கதையைத் தொடங்கினார். நாலைந்து துறையாம். ஒவ்வொரு துறையிலும் வண்டில்மாடுகளைப் பாதையில் ஏற்றப் பயந்து நிற்குமாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளிலே பிள்ளைகளுக்குத் தண்ணீரும் நிழலும் கேட்டு இறங்கியிருப்பார்களாம். ஒரு தடவை பாதைக் கயிறு அறுந்து, கொட்டியாரக் குடாப் பக்கமாக இழுபட்டுப் போய்விட்டார்களாம்.

"அப்பிடியே போயிருந்தா எங்க போய்ச் சேர்ந்திருப்பீங்கள் அம்மம்மா?" என்றான் பையன்.

"எங்க போறது? கோட்டைக்குக் கீழதான்" என்றார் மாமி.